திருத்தந்தையின் போதனைமீது கர்தினால்களே பகிரங்கமாகக் கேள்வி கேட்கலாமா?

ஞாயிறு வகுப்பு எழுதியது:

எங்கள் பங்கில் உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். திருத்தந்தையின் ஆசிரியப் பணி, அதாவது போதிக்கும் அதிகாரம் பற்றிய பாடத்தில் ஒரு பையன் எழுந்து, "கர்தினால்களே போப்பை எதிர்த்து அறிக்கை விடுறாங்களே டீச்சர், நாங்க மட்டும் ஏன் கீழ்ப்படியணும்?" என்று கேட்டான். யூடியூப்பில் பார்த்திருக்கிறான். அவனை அதட்டி உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கர்தினால்கள் என்பவர்கள் திருத்தந்தைக்கு ஆலோசனை சொல்லும் மூத்த திருச்சபைத் தலைவர்கள். 2016 ஏப்ரல் 8 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பம் பற்றிய 'அன்பின் மகிழ்வு' என்ற ஊக்கவுரையை வெளியிட்டார். அதன் 8-ஆம் அதிகாரத்தில், 351-ஆம் அடிக்குறிப்பில் ஒரு வரி. சிக்கலான சூழலில் வாழ்பவர்களுக்குத் திருச்சபை தரும் உதவியில் 'சில வேளைகளில்' பாவமன்னிப்பு, நற்கருணை போன்ற அருட்சாதனங்களும் அடங்கலாம் என்பது அதன் பொருள். முதல் திருமண பந்தம் நிலைப்பதால், விவாகரத்து பெற்று மறுமணம் செய்தவர்கள் பூசையில் நற்கருணை வாங்கக் கூடாது என்பதுதான் வழக்கம். இனி வாங்கலாமா என்ற கேள்வி அங்கிருந்து வெடித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று பிராண்ட்முல்லர், பர்க், கஃபாரா, மைஸ்னர் என்ற நான்கு கர்தினால்கள் ஐந்து ஐயங்களை எழுதித் திருத்தந்தைக்கு அனுப்பினார்கள். பதில் வரவில்லை. நவம்பர் 14 அன்று கடிதத்தை உலகுக்கே வெளியிட்டுவிட்டார்கள். 'துபியா' (இலத்தீனில் 'ஐயங்கள்') என்று சொல்வது இதைத்தான்.

2023 டிசம்பரில் ஒரே பாலினத் தம்பதியருக்கான ஆசீர் பற்றிய வத்திக்கான் அறிக்கை வந்தபோது மறுபடியும் இதே கதை. ஒரு நாட்டு ஆயர்கள் வரவேற்றார்கள், இன்னொரு நாட்டு ஆயர்கள் 'எங்கள் ஊரில் கிடையாது' என்றார்கள்.

கேள்வி கேட்பதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. ஆனால் பொதுவில் கேட்பது? அதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்வது?

பழைய பூசைப்புத்தகம் எழுதியது:

டீச்சர், அந்தப் பையனிடம் கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அந்தியோக்கியாவில் பவுல், முதல் திருத்தந்தையான பேதுருவை எதிர்த்து நின்றது எல்லார் முன்னிலையிலும்தான். அதனால் பேதுரு பேதுருவாக இல்லாமல் போய்விடவில்லை.

வரலாற்றில் இன்னொன்று. அவிஞ்ஞோனில் இருந்த திருத்தந்தை 22-ஆம் யோவான், 1331-இல் சில மறையுரைகளில், புனிதர்களின் ஆன்மாக்கள்கூட இறுதித் தீர்ப்புக்கு முன் கடவுளை முகமுகமாய்க் காண்பதில்லை என்று பேசினார். பாரீஸ் இறையியலார்கள் வெளிப்படையாக மறுத்தார்கள். 1334 டிசம்பரில் சாவுப் படுக்கையில் அவர் அதைத் திரும்பப் பெற்றார். அவருக்குப் பின் வந்த 12-ஆம் பெனடிக்ட் 1336-இல் சரியான போதனையை வரையறுத்தார். அன்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

நான்கு கர்தினால்கள் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை. 1981-இல் இரண்டாம் யோவான் பவுல், 'குடும்ப ஒன்றிப்பு' ஊக்கவுரையின் 84-ஆம் பத்தியில் தெளிவாகச் சொன்னார்: பிள்ளைகளை வளர்ப்பது போன்ற காரணத்தால் பிரிய முடியாதவர்கள், அண்ணன் தங்கையாக வாழ்ந்தால் பாவமன்னிப்பும் நற்கருணையும் பெறலாம். அந்த நிபந்தனை இன்னும் இருக்கிறதா இல்லையா? இவ்வளவுதான் முதல் கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் முடிந்திருக்கும். முதலில் தனியாகத்தான் கேட்டார்கள், காத்திருந்தார்கள். 2017 ஏப்ரலில் கஃபாரா நேரில் பார்க்க அனுமதி கேட்டு எழுதினார், அதற்கும் பதில் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் மைஸ்னர் இறந்தார், செப்டம்பரில் கஃபாரா இறந்தார். எண்பது வயதை ஒட்டிய கர்தினால்கள் தந்தையிடம் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போனது எனக்கு இன்றும் வலிக்கிறது.

முத்துக்குளித்துறை எழுதியது:

அண்ணே, வலி உங்களுக்கு மட்டும் இல்லை. ஆனால் கதையின் பாதியை விட்டுவிட்டீர்கள்.

கடிதம் வெளியான சில நாட்களிலேயே கர்தினால் பர்க் ஒரு பேட்டியில், பதில் வராவிட்டால் திருத்தந்தையை முறைப்படி திருத்தும் நடவடிக்கை எடுக்க வேண்டிவரும் என்று பேசினார். கேள்வி கேட்பவரின் பேச்சா அது? கெடு வைப்பவரின் பேச்சு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இதை வைத்துச் சானல் நடத்துகிறவர்கள் எத்தனை பேர்!

1990-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இறையியலாரின் பணி பற்றி ஓர் அறிவுரை வெளியிட்டது. அதில் கையொப்பமிட்டவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் 16-ஆம் பெனடிக்ட். போதனையில் சிக்கல் கண்டால் அதிகாரமுள்ளவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள், ஊடகங்களை நாடி அழுத்தம் கொடுக்காதீர்கள், சில நேரம் மௌனத்திலும் செபத்திலும் துன்புற வேண்டியிருக்கும் என்று அது சொல்கிறது. முற்போக்கு இறையியலார்களுக்கு எதிராக இதை எடுத்து வீசியவர்கள், தங்கள் முறை வந்தபோது மறந்துவிட்டார்கள்.

பதிலே வரவில்லை என்பதையும் நான் ஏற்க மாட்டேன். 2016 செப்டம்பர் 5 அன்று அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் பகுதி ஆயர்கள், சில நேர்வுகளில் அருட்சாதனங்களுக்கு வழி உண்டு என்று 8-ஆம் அதிகாரத்துக்கு வழிகாட்டுதல் எழுதினார்கள். இதற்கு வேறு விளக்கம் இல்லை என்று பிரான்சிஸ் அவர்களுக்குப் பதில் எழுதினார். அந்த இரண்டையும் திருப்பீடத்தின் அதிகாரபூர்வ ஏட்டிலேயே அச்சிடச் செய்தார். அதுதான் பதில். 'ஆம், இல்லை' கட்டத்துக்குள் நிற்க அவர் விரும்பவில்லை, அவ்வளவே.

இது அவர் தனியாக எடுத்த முடிவும் இல்லை. 2014, 2015 என்று இரண்டு ஆயர் மாமன்றங்கள் கூட்டினார். இரண்டாவதில், மறுமணம் செய்தோரைத் தேர்ந்து தெளிந்து வழிநடத்துவது பற்றிய 85-ஆம் பத்திக்கு ஆதரவு 178, எதிர்ப்பு 80. மூன்றில் இரண்டு பங்குக்கு 177 வேண்டும்.

பழைய பூசைப்புத்தகம் எழுதியது:

ஒரே ஒரு வாக்கு. அந்தப் பத்தியிலும் நற்கருணை என்ற பேச்சே இல்லை தம்பி. இல்லாததால்தான் அந்த ஒரு வாக்கே கிடைத்தது.

பதில் தெளிவாக வந்ததென்றால், 2017 ஜனவரியில் மால்டா ஆயர்கள் மனச்சான்றில் கடவுளோடு சமாதானமாக இருப்பவரைத் தடுக்க முடியாது என்றும், போலந்து ஆயர்கள் எதுவும் மாறவில்லை என்றும் சொன்னது எப்படி? ஒரே ஊக்கவுரையைத்தானே இருவரும் படித்தார்கள்?

கொலோன் பக்கம் எழுதியது:

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். கர்தினால் மைஸ்னர் 2014 வரை எங்கள் கொலோன் பேராயர். அவரோடு ஒத்துப்போகாதவர்கள் இங்கே ஏராளம், கண்டிப்பான மனிதர். ஆனால் அவர் இறந்த செய்தி வந்தபோது, விடுமுறைக்குப் போன இடத்தில் கையில் செபப் புத்தகத்தோடு இறந்து கிடந்தார் என்று கேட்டதும் அவரை எதிர்த்தவர்கள்கூட அமைதியானார்கள். அவருக்குத் திருத்தந்தை மேல் பகை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

எல்லைச் சிக்கலை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். 2017 பிப்ரவரியில் ஜெர்மன் ஆயர் பேரவை, தனித்தனி நேர்வுகளில் நற்கருணைக்கு வழி உண்டு என்று அறிவித்தது. ஓடர் ஆற்றின் மேற்குக் கரையில் ஃபிராங்க்ஃபர்ட், கிழக்குக் கரையில் போலந்தின் ஸ்வூபிட்சே. நடுவில் ஒரு பாலம். மேற்கே வரிசையில் நிற்கலாம் என்று கேட்டவர், பாலம் தாண்டிப் பூசைக்குப் போனால் நிற்கக் கூடாது என்று கேட்பார்.

ஆனால் சண்டை 2016-இல் தொடங்கியதாக நினைக்காதீர்கள். 1993-இலேயே காஸ்பர், லேமன், சாயர் என்ற மூன்று ஜெர்மன் ஆயர்கள் இதே கதவைத் திறக்கப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ராட்சிங்கரின் பேராயம் மூடிவிட்டது. அந்தக் காஸ்பரைத்தான் 2014 பிப்ரவரியில் கர்தினால்கள் அவையில் குடும்பம் பற்றிப் பேச பிரான்சிஸ் அழைத்தார். அந்த மூவரும் ரோமின் போதனையோடு பகிரங்கமாக மாறுபட்டவர்கள்தான். யாருக்குச் சாதகம் என்பதைப் பொறுத்து ஒருவர் கலகக்காரர், இன்னொருவர் தீர்க்கதரிசி என்று நாம் பெயர் வைக்கிறோம்.

ரொறன்ரோவாசி எழுதியது:

கொலோன்காரர் சொன்னதுக்கு மேலே ஒன்று. இதைவிடப் பெரிய பிளவை எங்கள் கனடா பார்த்தது.

1968 யூலை 25 அன்று பாப்பரசர் 6-ஆம் பவுல் 'மனித உயிர்' சுற்றுமடலில் செயற்கைக் கருத்தடை கூடாது என்று எழுதினார். அவரே விரிவாக்கிய ஆலோசனைக் குழுவில் பெரும்பான்மையானவர்கள் மாற்றத்துக்கு ஆதரவு. அவர் அவர்களைப் பின்பற்றவில்லை. செப்டெம்பர் 27 அன்று கனடா ஆயர்கள் வின்னிபெக்கில் கூடி அறிக்கை விட்டார்கள். உண்மையாக முயன்றும் கடைப்பிடிக்க முடியாதவர், தனக்குச் சரி என்று படுகிற வழியை நேர்மையோடு தெரிந்தெடுத்தால் நல்ல மனச்சான்றோடுதான் செய்கிறார் என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, ஓகஸ்ட் கடைசியில், ஜெர்மன் ஆயர்களும் கோனிக்ஸ்டைனில் இதே தொனியில் எழுதியிருந்தார்கள். அதே நேரம் வாசிங்டனில் கர்தினால் ஓபாயில், மாறுபட்ட குருக்களை வேலையில் இருந்து நிறுத்தினார்.

6-ஆம் பவுல் கனடா ஆயர்களைப் பகிரங்கமாகக் கண்டிக்கவில்லை, போதனையையும் மாற்றவில்லை. 1978-இல் இறக்கும் வரைக்கும் வேறொரு சுற்றுமடலே அவர் எழுதவில்லை. அந்தப் பத்து வருட மௌனத்தை நான் அடிக்கடி நினைப்பேன்.

விளைவு என்ன? இங்கே ஒரு தலைமுறையே கேள்வி கேட்பதை விட்டுவிட்டது. எதிர்க்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் அதைப் பற்றிக் கதைப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆயர்கள் வெளிப்படையாகச் சண்டை பிடித்ததைவிட, சண்டையை முடிக்காமல் விட்டதுதான் சனங்களைத் தூரப் போக வைத்தது என்பது என் கருத்து. அதனால் துபியா கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பதில் வேண்டும் என்று கேட்டார்களே, அது சரி.

பின்வரிசை எழுதியது:

நான் வழக்கமாக எழுதுவதில்லை. இதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் எல்லாரும் பேசும் அந்த ஐந்து ஐயங்களும் என்னைப் பற்றியவை. முதல் கணவர் கோயிலில் தாலி கட்டியவர். கைக்குழந்தையோடு என்னை விட்டுவிட்டு வேறொரு பெண்ணோடு போய்விட்டார். பின்னால் எனக்கும் பிள்ளைக்கும் ஆதரவாக வந்தவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். அவரோடும் ஒரு மகன். ஞாயிறு தவறாமல் நால்வரும் பூசைக்குப் போகிறோம். நற்கருணை நேரத்தில் வரிசை நகர, நான் காலை ஒடுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் வருபவர்கள் ஒரு நொடி நின்று பார்ப்பார்கள். அதற்காகவே கடைசி வரிசை.

ஒரு பங்கில் வரிசையில் நின்ற என்னை எல்லார் முன்பாகவும் ஒதுங்கச் சொன்னார் ஒரு ஃபாதர். ஊர் மாறி வேறு பங்குக்குப் போனபோது அங்கிருந்தவர், "நீங்க தாராளமா வாங்கம்மா, போப்பே சொல்லிட்டார்" என்றார். நான் போகவில்லை. முதலாமவர் சொன்னது சரி என்பதால் அல்ல. இரண்டு பேரும் என் கதையைக் கேட்கவே இல்லை என்பதால்.

மகளுக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை. வெள்ளைக் கவுனோடு வாங்கிவிட்டுத் திரும்பியவள், "நீ ஏம்மா வரல?" என்றாள். அவளிடம் போலந்தையும் மால்டாவையும் நான் எப்படி விளக்க?

கர்தினால்கள் கேட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. கேள்வி எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளில் நான் ஒரு நேர்வாக இருக்கிறேன், ஆளாக இல்லை.

முத்துக்குளித்துறை எழுதியது:

அக்கா, உங்கள் இரண்டாவது ஃபாதர் செய்ததும் பிரான்சிஸ் சொன்னது இல்லை. உடன் நடந்து, கேட்டு, மெல்ல மெல்லத் தேர்ந்து தெளிவதைத்தான் அந்த அதிகாரம் முழுக்கக் கேட்கிறது. புவனோஸ் ஐரிஸ் ஆயர்களும், யாருக்கு வேண்டுமானாலும் கதவு திறந்துவிட்டது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது என்றே எழுதினார்கள். வாசலில் நின்று ஒரு வரியில் அனுமதி கொடுப்பதும் ஒரு வரியில் விரட்டுவதும் ஒன்றுதான்.

பழைய பூசைப்புத்தகம் எழுதியது:

சகோதரி, உங்களை எல்லார் முன்பாகவும் அவமானப்படுத்தியதற்கு எந்தத் திருச்சபைச் சட்டமும் துணை நிற்காது. என் கருத்து மாறவில்லை. திருமண பந்தம் நிலைக்கிறது என்ற ஆண்டவரின் வார்த்தையை யாராலும் தளர்த்த முடியாது என்றே நம்புகிறேன். ஆனால் முதல் திருமணம் செல்லுபடியானதுதானா என்று யாராவது உங்களிடம் விசாரித்தார்களா? அதுதான் முதலில் நடந்திருக்க வேண்டியது.

சட்டம் படித்தவன் எழுதியது:

இரண்டு விஷயங்களையும் பிரித்து எழுதுகிறேன்.

முதலில் டீச்சரின் கேள்வி. 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212-ஆம் சட்டம், 3-ஆம் பிரிவு: அறிவும் தகுதியும் உள்ள நம்பிக்கையாளர், திருச்சபையின் நன்மை சார்ந்தவற்றில் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க உரிமை உண்டு, சில வேளை கடமையும் உண்டு. மற்ற நம்பிக்கையாளருக்கும் தெரிவிக்கலாம். ஆனால் விசுவாசமும் ஒழுக்கமும் குலையாமல், மேய்ப்பர்களுக்குரிய மரியாதையோடு. பொதுநிலையினருக்கே இது என்றால் கர்தினால்களுக்குச் சொல்லவே வேண்டாம். திருத்தந்தைக்கு ஆலோசனை சொல்வதுதான் அவர்கள் வேலை. மறுபக்கம், 1960-களில் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'திருச்சபை' கோட்பாட்டு விளக்கத்தின் 25-ஆம் எண்ணில், திருத்தந்தை வழுவா வரத்தோடு (தவறவே முடியாத போதனையாக) பேசாத நேரத்திலும் அவர் போதனைக்கு மனத்தாலும் அறிவாலும் பணிவு காட்டக் கேட்கிறது. எனவே கேள்வி கேட்பவர், பதிலைக் கேட்கத் தயாராகவும் இருக்க வேண்டும். முன்பு அமெரிக்காவில் திருத்தந்தையின் தூதராக இருந்த பேராயர் விகனோவை 2024 ஜூலையில் சபைநீக்கம் செய்தது கேள்வி கேட்டதற்காக அல்ல. திருத்தந்தையையும் சங்கத்தையும் ஏற்கவே மறுத்ததற்காக. கோடு அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. துபியாவின் மையக் கேள்விக்கு ஒரு பதில் வந்தது, ஏழு ஆண்டு கழித்து, வேறொருவருக்கு. செக் நாட்டுக் கர்தினால் டூக்கா இதைப் பற்றிக் கேட்டிருந்தார். திருத்தந்தையின் ஒப்புதலோடு கர்தினால் ஃபெர்னாண்டஸின் வத்திக்கான் கோட்பாட்டுத் துறை தந்த பதில் 2023 அக்டோபரில் வெளியானது. புவனோஸ் ஐரிஸ் விளக்கம் திருத்தந்தையின் அதிகாரபூர்வப் போதனையைச் சேர்ந்தது. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஆயர் தன் குருக்களோடு சேர்ந்து பொதுவான அளவுகோலை வகுக்கலாம் என்றது. பிடிக்கிறதோ இல்லையோ, அது பதில்தான். 2016-லேயே இதை நால்வருக்கும் எழுதியிருக்கலாம் என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

பின்வரிசை அக்காவுக்கு: முதல் திருமணம் செல்லுபடியானதா என்று தீர்ப்புச் சொல்லும் மறைமாவட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனீர்களா?

பின்வரிசை எழுதியது:

ஒருமுறை விசாரித்தேன். திருமணம் நடந்த மறைமாவட்டத்தில்தான் போட வேண்டும், முதல் கணவர் வந்து பேச வேண்டும், சாட்சி வேண்டும் என்றார்கள். அவர் எந்தக் கடிதத்துக்கும் பதில் போட மாட்டார். விட்டுவிட்டேன்.

ஞாயிறு வகுப்பு எழுதியது:

பின்வரிசை அக்கா, உங்கள் பதிவைப் படித்த பிறகு வகுப்புக்கு நான் தயாரித்ததை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பவுலும் பேதுருவும் இருப்பார்கள். ஆனால் அந்தியோக்கியாவில் பிரச்சினை ஒரு பந்தியைப் பற்றியது: யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யாரோடு கூடாது. அங்கிருந்தே ஆரம்பிக்கப் போகிறேன்.

ஆசீர் அறிக்கை பற்றியும் பையன்கள் கேட்பார்கள். அதில் ஆப்பிரிக்க ஆயர்கள் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. கின்ஷாசா பேராயர் கர்தினால் அம்போங்கோ நாடு நாடாக ஆயர் பேரவைகளின் கருத்தைத் திரட்டினார். ரோமுக்குப் போனார், ஃபெர்னாண்டஸோடு உட்கார்ந்து பேசினார், திருத்தந்தைக்குத் தெரிந்தே 2024 ஜனவரி 11 அன்று அறிக்கையை வெளியிட்டார். எங்கள் நாடுகளில் இந்த ஆசீர் கொடுக்க மாட்டோம், திருத்தந்தையோடு எங்கள் ஒன்றிப்பு அசையாது என்று இரண்டையும் ஒரே தாளில் சொன்னார். உள்ளடக்கத்தில் உங்களில் சிலர் அவரோடு உடன்பட மாட்டீர்கள், அது வேறு விவாதம். ஆனால் கெடு வைக்கவில்லை, எதையும் மறைக்கவுமில்லை.

பழைய பூசைப்புத்தகம் எழுதியது:

அவர்களுக்கு ரோமில் கதவு திறந்தது டீச்சர். கஃபாராவுக்குத் திறக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசும்போது அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஞாயிறு வகுப்பு எழுதியது:

சொல்கிறேன் ஐயா. அது நியாயம்.

சட்டம் படித்தவன் எழுதியது:

பின்வரிசை அக்கா, உங்களிடம் சொன்னது பழைய நடைமுறை. 2015 டிசம்பர் 8 முதல் திருமண வழக்குச் சட்டம் மாறிவிட்டது. பிரான்சிஸின் அந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்து இவ்வளவு சத்தம் எழவில்லை, அதனாலேயே பலருக்குத் தெரியவில்லை.

நீங்கள் இப்போது குடியிருக்கும் மறைமாவட்டத்தின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். அவர் பதில் போடாவிட்டால், முறைப்படி அழைப்பு அனுப்பியதை உறுதிசெய்துகொண்டு, அவர் வரவில்லை என்று பதிவு செய்துவிட்டு வழக்கை நடத்தலாம். உங்கள் வாக்குமூலத்துக்கே இப்போது கூடுதல் எடை உண்டு. உங்கள் நேர்மையைச் சொல்லக்கூடிய ஆட்கள் இருந்தால் நல்லது. சாதகமான தீர்ப்பு வந்து, யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டால் முன்புபோல இரண்டாவது தீர்ப்பு தேவையில்லை. தீர்ப்பு எப்படி வரும் என்று நான் சொல்ல முடியாது. அவர் பிற்பாடு விட்டுப் போனது மட்டும் போதாது, திருமணம் நடந்த அன்றே குறை இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள்.

பின்வரிசை எழுதியது:

மனுவில் என்ன எழுத வேண்டும், தம்பி? எனக்குச் சட்டமொழி வராது.

சட்டம் படித்தவன் எழுதியது:

சட்டமொழி வேண்டாம் அக்கா. எப்போது, எப்படிப் பெண் பார்த்தார்கள், நீங்கள் சம்மதித்தீர்களா, யாராவது வற்புறுத்தினார்களா, கல்யாணத்துக்கு முன்பே அவருக்கு அந்தப் பெண்ணோடு பழக்கம் இருந்ததா, பிள்ளை வேண்டும் என்று நினைத்தாரா என்று நடந்ததை நடந்தபடி உங்கள் கையாலேயே எழுதுங்கள். திருமணச் சான்று, இருவரின் திருமுழுக்குச் சான்று, நீதிமன்ற விவாகரத்து ஆணையின் நகல் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் உங்களைத் தெரிந்த ஓரிருவர் பெயரும் முகவரியும் வேண்டும், அம்மாவோ அக்காவோ போதும். கட்டணம் கட்ட முடியாவிட்டால் அதையும் தயங்காமல் எழுதுங்கள், அதற்காக வழக்கை மறுக்கக் கூடாது. எழுதி முடித்ததும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.